கூடாப்பில் மூன்று தொட்டில்

1

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நடவுக்குப் போகிற தாய்மாரின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மலாயாவில் இருக்கிற நாங்கள் சேர்ந்து அதைத் தொடங்கினோம். அதை எப்படிச் செய்தீர்கள், எங்கள் ஊரிலும் செய்ய வேண்டும், விவரமாக எழுதுங்கள் என்று கேட்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் இங்கே வந்த பிறகு எஸ்டேட் வாத்தியாரிடம் சாயங்காலம் சாயங்காலம் போய்ப் படித்தது. விவரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். நம்பர் போட்டுக்கொண்டால் எனக்கு விட்டுப்போகாது.

இன்றைக்கு மழை. மழையில் பால் வெட்டு கிடையாது. பட்டை நனைந்திருந்தால் ரப்பர்ப் பால் கத்தி போட்ட கோட்டை விட்டு வழிந்துபோகும். அதனால் வீட்டில் இருக்கிறேன். மகள் செல்விக்குப் பதினாறு வயது. கவர் மேலே இங்கிலீஷில் விலாசம் எழுதுவது அவள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டாள். இன்று கேட்டாள்.

"என்னம்மா இவ்வளவு நேரமா எழுதுற?"

"ஸ்பிரிங்கு கதை."

"அத இன்னுமா பேசுறாங்க அங்க?"

அங்க என்றுதான் சொல்வாள். ஊர் என்று சொல்ல மாட்டாள். நான் திருத்துவதில்லை. இந்த நாட்டுக்கே இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் மலாயாதான். யாரை யார் திருத்துவது?

2

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருசம் நான் கப்பல் ஏறினேன். வீட்டுக்காரர் யுத்தத்துக்கு முன்பே இங்கே வந்து பால் வெட்டியவர். யுத்தத்தில் வருசக் கணக்காகக் கடிதம் இல்லை. ஆள் இல்லை என்றே ஊரில் பேசினார்கள். யுத்தம் முடிந்து வந்தார். எலும்பாக வந்தார். மறு வருசம் ஆண் பிள்ளை பிறந்தது.

ஆவணி மாதம். கடலைக்குக் களை வெட்டு. பிள்ளைக்கு எட்டு மாதம். வரப்போரத்து வேல மரத்தில் சேலையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு வரிசையில் இறங்கினேன். காலையில் தொட்டில் மேல் நிழல் இருந்தது. நான் வரிசையின் அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்புவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. அழுதானா என்று தெரியாது. தூரம். நடுவில் ஏறிப்போனால் மறுநாள் வேலை கிடையாது. போய்ப் பார்த்தபோது உடம்பு அனலாக இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

இதை இவ்வளவுதான் எழுத முடியும்.

அப்போது என் தங்கை அழகம்மாளுக்கு ஒன்பது வயது. பானையில் தண்ணீர் கொண்டு ஓடிவந்தவள் அவள். இவளும் பெரியவளாவாள், பிள்ளை பெறுவாள், இதே வயலில் இறங்குவாள், இதே மரத்தில் கட்டுவாள் என்று கப்பலில் நினைத்துக்கொண்டு வந்தேன். வேறு எதையும் நினைத்த ஞாபகம் இல்லை.

3

இங்கே நாலரைக்கு எழுந்திருக்க மணி. ஐந்தரைக்குப் பெரட்டு. ஆள் எண்ணிக்கை எடுப்பதைப் பெரட்டு என்போம். அதற்கு முன்னால் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட வேண்டும். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்திலேயே கொட்டகை. ஒரு ஆயா, வரிசையாகத் தொட்டில்கள். பால்மாவு கரைத்து மங்குக் கிண்ணத்தில் புகட்டுவாள். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் நாங்கள் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வோம்.

செல்வியை விட்ட முதல் நாள் எனக்குக் காதெல்லாம் கொட்டகைப் பக்கமே இருந்தது. கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டு, வேலையை மேற்பார்க்கிற தண்டலிடம் ஏச்சு வாங்கினேன். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

துரைமார் இரக்கப்பட்டு இதைக் கட்டவில்லை. பிள்ளை அழுதால் தாய் மரத்தை விட்டுவிடுவாள், பால் குறையும். எதற்குக் கட்டினால் என்ன? பிள்ளை நிழலில் கிடந்தது.

எஸ்டேட்டுக்கு வெளியே, கம்பம் என்கிற கிராமத்தில் மலாய்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் தொட்டிலை அங்கேதான் பார்த்தேன். கைலியைத் தொட்டிலாகக் கட்டி, அதற்கு மேலே ஒரு இரும்பு ஸ்பிரிங் மாட்டியிருப்பார்கள். பிள்ளை காலை உதைத்தால் போதும், தொட்டில் தானே ஏறி இறங்கும். ஆட்ட ஆள் வேண்டாம்.

நான் வந்த பன்னிரண்டாம் வருசம் அழகம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. "அக்கா, முழுகாம இருக்கேன். ஐப்பசி நடவுக்குக் கைப்புள்ளையாத்தான் இருக்கும்" என்று யாரையோ வைத்து எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்துவிட்டு, நான் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சரி என்றார். அவரும் அதிகம் பேச மாட்டார்.

எங்கள் எஸ்டேட்டிலும் அடுத்த எஸ்டேட்டிலும் நம் சீமைப் பெண்கள் பதினாறு பேர். அறந்தாங்கி, கந்தர்வக்கோட்டை என்று பல ஊர். ஊரிலும் ஒரு ஆயாக் கொட்டகை வைக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் பின்னால் உட்கார்ந்து பேசினோம். ஆண்களும் வந்தார்கள். அவர்களுக்கு ஊர்க் கோயிலில் ஒரு வளைவு கட்ட ஆசை.

"வளைவுன்னா கல்லுல நம்ம பேர வெட்டலாம். தொட்டில்ல எங்கிட்டுப் பேர வெட்டுறது?" என்றார் ஒருவர்.

கந்தர்வக்கோட்டைக் காளியம்மாள் விடவில்லை. "புள்ளைக்கே ஒங்க பேர வைக்கச் சொல்றோம்ணே. நாலு நாளு மழையில அழியாத பேரா இருக்கும்."

அதோடு பேச்சு முடிந்தது. ஆளுக்கொரு கைலி, ஒரு மங்கு, ஒரு பால்மாவு டின். பன்னிரண்டு ஸ்பிரிங் சேர்ந்தது. எல்லோருக்குமாக நான் கொண்டுபோவது, எங்கள் ஊரில் நிலைத்தால் மற்ற ஊர்களுக்கும் அனுப்புவது என்று பேச்சு.

4

திரும்பி வருவதற்கு ஒரு பர்மிட் வேண்டும். அதில் நாள் குறித்திருக்கும். எனக்குக் குறித்த நாள் தை முதல் வாரம். அந்த நாளுக்குள் வந்து இறங்காவிட்டால் இந்த நாட்டில் எனக்கு இடமில்லை. செல்வி இங்கே பிறந்தவள், அவளுக்கு வேறு பத்திரம். என் வயிற்றில் பிறந்தவள், என் காகிதத்தில் இல்லை. நாலு தடவை டவுனுக்குப் போய், நாலு தடவையும் வேறு வேறு ஜன்னலில் நின்று வாங்கினேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கியபோது சாமான் பார்க்கிற ஆபீசர் பெட்டியைத் திறந்தார்.

"என்னம்மா இது? எந்த மெஷினுக்கு?"

"தொட்டிலுக்குங்க."

"தொட்டிலுக்கு மெஷினா?"

"மெஷினு இல்லீங்க. புள்ள ஒதச்சா ஆடும்."

"பன்னெண்டு இருக்கே. ஒனக்குப் பன்னெண்டு புள்ளையா?"

"ஒண்ணுதாங்க. இந்தா நிக்கிது."

"அப்ப பாக்கிப் பதினொண்ணு?"

"ஊர்ல இருக்குங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. வாயால் சொல்லி விளங்க வைக்க எனக்கு வராது. ஸ்பிரிங் ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, கைலியைக் கட்டி, அவர் மேசை மேல் இருந்த தாள் கட்டை உள்ளே போட்டு ஒரு இழுப்பு இழுத்து விட்டேன். கட்டு ஏறி இறங்கியது. நிற்கவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. கைய எடுத்தா முழிச்சுக்கிது" என்றார்.

ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

"இதுக்கு என் பட்டியல்ல பேரே இல்ல. கட்டிக்கிட்டுப் போம்மா."

5

புரட்டாசிக் கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தோம். அழகம்மாளுக்கு ஆண் பிள்ளை. இரண்டு மாதம். கையில் வாங்கினேன். கனமாக இருந்தான்.

செல்விக்கு அப்போது பதினொரு வயது. தாகம் எடுத்தால் மலாயில் ஆயேர் என்று கேட்பாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "ஆயேரு வாரா, ஆயேரு வாரா." அவள் அழவில்லை. வீட்டுக்கு எப்போது போவோம் என்று மட்டும் தினமும் கேட்டாள். நானும் லேசில்லை. சந்தைக்குப் போகிறேன் என்பதற்குப் பசாருக்குப் போகிறேன் என்று சொல்லி நாலு பேர் சிரித்தார்கள்.

ஊர் மந்தையில் கோயிலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டோம். தங்கை வீட்டுக்காரர் கருப்பையா கால் நட்டார், கீற்று வேய்ந்தார். கூரை வாரையில் ஸ்பிரிங் வரிசையாகத் தொங்கியது. ஆயாவாக ஆரோக்கியத்தைப் பிடித்தேன். ஆவூர்ப் பக்கத்து வேதக்கார வீட்டுப் பெண், புருசன் இல்லை. கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

முதல் நாள் எஸ்டேட்டில் செய்கிற மாதிரியே செய்தேன். ஒரு இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, கோழி கூவுமுன் அடித்தேன். நாய்கள் வந்தன. கருப்பையா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு வீட்லங்க தீப்பிடிச்சிருச்சு?"

"பெரட்டு."

"என்னது?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இரும்பைக் கழற்றினேன்.

விடிந்த பிறகு ஒன்பது பிள்ளைகள் வந்தன. தாய்மார் கண்மாயைத் தாண்டி நடவுக்குப் போனார்கள். ஒரு மைல் தூரம். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். எஸ்டேட்டில் வேலை மதியத்தோடு முடியும். நடவு பொழுது சாய்கிற மட்டும். எஸ்டேட்டில் பிள்ளைகள் மங்கில் குடித்துப் பழகியவை. இவை மங்கைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு கத்தின. ஒன்பதும் கத்தின. அங்கே தாய்மாருக்கு மார் கட்டிக்கொண்டு சேலை நனைந்தது. மூன்று பேர் வரிசையை விட்டு ஏறி ஓடிவந்தார்கள். பண்ணைக் காரியக்காரர் வரப்பில் நின்று சத்தம் போட்டாராம். "நடவுக்கு வந்தீகளா, நடைக்கு வந்தீகளா?"

மறுநாள் நாலு பிள்ளை. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஆரோக்கியம் வெறும் தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து புளியங்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் வயலுக்குப் போனேன். வரப்போரத்தில் அழகம்மாளின் பிள்ளை தொங்கியது. மரம் வேறு. மற்றதெல்லாம் அதேதான்.

"ஏண்டி, மரத்துலயா கட்டுன?"

"என்னக்கா பண்ணச் சொல்ற? ஒங் கொட்டாயி அங்கிட்டு இருக்கு, எம் மாரு இங்கிட்டு இருக்கு."

அன்று முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து, நிழல் நகர நகரத் தொட்டிலை மாற்றிக் கட்டினேன். மறுநாளும் போனேன். ஆனால் என் பர்மிட்டில் நாள் குறித்திருக்கிறது. நான் கப்பல் ஏறிய பிறகு இந்த மரத்தடியில் யார் உட்காருவார்கள்?

6

அதற்கு மறுநாள் ஆரோக்கியமும் என்னோடு வந்து உட்கார்ந்தாள். எதிரே மேட்டுப் புஞ்சையில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். கிடைக்காரர்களிடம் கூடாப்பு என்று ஒன்று இருக்கும். மூங்கில் சிம்பை வளைத்துப் பனையோலை வேய்ந்தது, கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி. தாய் ஆடுகள் மேயப் போகும். குட்டிகள் கூடாப்புக்குள் கிடக்கும். கிடை இடம் மாறினால் இரண்டு ஆள் கூடாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்கள்.

தினமும் பார்ப்பதுதான். அன்று ஆரோக்கியம் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, ஆட்டுக்காரன் குட்டிய ஊருக்குள்ள கட்டிப்போட்டுட்டு வாரானா?"

"இல்ல."

"நாம எதுக்குக் கட்டிப்போட்டோம்?"

நான் எழுந்து புஞ்சைக்குப் போனேன். கோனார் ஓலை முடைந்துகொண்டிருந்தார்.

"கூடாப்பு ஒண்ணு வேணுங்க."

"எத்தன குட்டி?"

"ஒம்போது."

"வெள்ளாடா, செம்மறியா?"

"மனுசக் குட்டிங்க."

கோனாருக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு உயரம் என்று கேட்டார். தன் ஆட்டுக்கூடு மாதிரி இல்லாமல், ஒரு ஆள் குனிந்து நுழைகிற உயரத்துக்குக் கட்டினார். நடுவில் உள்ளே துளையில்லாத கல்மூங்கில். அதில் மூன்று ஸ்பிரிங் மாட்டினோம். மாசம் குறைந்த பிள்ளைகளுக்குத் தொட்டில், தவழ்கிறவைகளுக்குக் கீழே பாய். இரண்டு ஆள் தூக்கினால் எந்த வயலுக்கும் போகும்.

நல்லது என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர்த்துறையில் பேச்சு இதுதான். "மலாயாக்காரி நம்ம புள்ளைகள ஆட்டுக்குட்டியாக்கிட்டா." ஒருத்தியின் மாமியார் என் காதுபடவே சொன்னாள். "கடல் தாண்டிப் போயி இதத்தான் படிச்சிட்டு வந்தியாக்கும்? எங்க வீட்டு வாரிசு கிடையில படுக்கணுமா?"

காலையில் கூடாப்பை வயலோரம் இறக்கினோம். ஆரோக்கியம் வாசலில் உட்கார்ந்தாள். பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டு மரங்களுக்குப் போய்த் தொட்டில் கட்டினார்கள். அழகம்மாள் கடைசியில் வந்தாள். தோளில் பிள்ளை. நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எனக்காகச் செய்வாள். அது நிற்காது.

அவள் குனிந்து உள்ளே போனாள். மோந்து பார்த்தாள்.

"ஆட்டு வாட இல்லியே?"

"புது ஓல" என்றாள் ஆரோக்கியம்.

ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கிடத்தினாள். வெளியே வந்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் மவன் செம்மறி. ஒங்க புள்ளைக ராசா வீட்டுப் புள்ளைகன்னா மரத்துல தொங்கட்டும்."

அன்று மதியம் மழை. ஐப்பசி மழை சொல்லிவிட்டு வராது. மரத்தில் கட்டியவர்கள் சேற்றோடு ஏறி ஓடினார்கள். எல்லாப் பிள்ளைகளையும் கூடாப்புக்குள்தான் கொண்டுவந்தார்கள். வேறு எங்கே கொண்டுபோவது? அந்த மாமியாரின் பேரனும் வந்தான். வந்த உடனே தூங்கிவிட்டான்.

காரியக்காரருக்கும் ஒன்று புரிந்தது. வரிசைக்கு நடுவே பால் கொடுத்துவிட்டு வர இப்போது ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான். ஒரு நாள் நடவு அடுத்த வயலுக்கு மாறியது. கூடாப்பைத் தூக்க ஆள் வரவில்லை. பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் சேற்றில் கால் வைக்கவில்லை.

"எறங்குங்கம்மா, நாத்து வாடுது" என்றார் காரியக்காரர்.

"கூடாப்பு வரட்டுங்க, எறங்குறோம்."

"யாரு சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு?"

"நாத்து வாடுது பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அன்று ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவரே கூடாப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கம் கருப்பையா.

7

செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கொட்டகை கட்டாதீர்கள். உங்கள் ஊரில் கிடைக்காரர் இருப்பார், அவரிடம் போங்கள். கல்மூங்கில் போடச் சொல்லுங்கள், மற்றது தாங்காது. பார்த்துக்கொள்கிறவளுக்கு அறுப்பில் ஆளுக்கு ஒரு படி நெல் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அவள் என்ன சாதி, என்ன வேதம் என்று பேசுகிறவர்கள் பேசுவார்கள். இரண்டு மழை பெய்தால் நின்றுவிடும். ஸ்பிரிங் நாங்கள் அனுப்புகிறோம். எங்கள் ஊருக்கு இப்போது அனுப்புவதில்லை. புதுக்கோட்டையில் ஒரு பட்டறைக்காரர் பழைய ஸ்பிரிங்கைப் பார்த்து அதே மாதிரி செய்துகொடுக்கிறாராம். இனி வேண்டாம் என்று ஆரோக்கியம் எழுதிவிட்டாள். மீதியிருந்தவை கந்தர்வக்கோட்டைப் பக்கம் போயிருக்கின்றன. காளியம்மாள் அண்ணன் மகள் அங்கே நடத்துகிறாள்.

இன்னொன்று. இங்கே பெரிய எஸ்டேட்டுகளைத் துண்டு போட்டு விற்கிறார்கள். எங்கள் எஸ்டேட்டில் பாதி போன வருசம் நாலு பேருக்குப் போய்விட்டது. துண்டு வாங்கியவர் ஆயாக் கொட்டகை நடத்த மாட்டார். அந்தப் பக்கத்துக் கொட்டகையைப் பூட்டினார்கள். அங்கே வேலை செய்கிற பெண்கள் என்ன செய்வது என்று கேட்டு வந்தார்கள். பனையோலை இல்லை, கம்பத்திலிருந்து அத்தாப்பு ஓலை வாங்கி வேய்ந்து கொடுத்தோம். ரப்பர் மரத்துக்கு நடுவே இப்போது இரண்டு கூடாப்பு நிற்கிறது.

செல்வி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது அங்க இருந்து வந்ததாம்மா?"

"ஆமா."

"ஸ்பிரிங்கு இங்க இருந்து போச்சு."

"ஆமா."

நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். டவுன் ஆஸ்பத்திரி. கிடைத்தால் இங்கே இருக்க மாட்டாள். போகட்டும்.

8

நான் ஊரை விட்டுக் கிளம்பியது கார்த்திகைக் கடைசி. மற்ற வயலெல்லாம் முடிந்து, பள்ளத்து வயல் மட்டும் நடவு பாக்கி. பஸ்ஸுக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். கருப்பையாவும் செல்வியும் பெட்டியோடு ரோட்டில் நின்றார்கள். வயலோரம் கூடாப்பு இருந்தது, வாசலில் ஆரோக்கியம்.

அழகம்மாள் வரிசையின் நடுவில் இருந்தாள். முட்டி மட்டும் சேறு. கையில் நாற்று முடி.

"ஏறி வாடி. கப்பலுக்குப் போறேன்."

"வரிச பிந்திப் போகும்க்கா. போயிட்டு வா. போன ஒடனே கடிதாசி போடு."

"புள்ளைய ஒரு தரம் தூக்கிக் காட்டு."

"அவன் தூங்குவான். எழுப்பாத."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். எல்லோரும் குனிந்து பின்னால் பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டு போனார்கள். யாரோ ஏதோ சொல்ல, அவள் சத்தமாகச் சிரித்தாள். நான் வரப்பில் நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கருப்பையா கூப்பிட்டார். அந்த வரிசை முடிகிற மட்டும் நின்றேன். ஒரு தடவைகூட அவள் கூடாப்புப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.